நூற்றைத் தொடாதே, இலக்கியா

இவ்வளவு பயந்தாங்கொள்ளிக்குத் துப்பறியும் வேலை எதற்கு என்று மஞ்சக்குப்பத்தில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். வேலையை விடுகிறேன் என்று ஆரோக்கிய அனிதா அக்காவிடம் போய்ச் சொல்வதற்கும் எனக்குப் பயம்.

அக்கா முன்பு வண்டி இன்சூரன்ஸில் விபத்து சர்வேயர். நசுங்கின பம்பரைப் பார்த்தே ஓட்டினவன் எத்தனை பொய் சொல்கிறான் என்று எண்ணிச் சொல்வார். இப்போது மைதானத்துக்கு எதிரே மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். அவருக்கு உதவியாளன் நான், அறிவழகன். போன வருஷம் வரைக்கும் இளவரசுவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றவன். பதினோரு வருஷம் நின்றேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. மதியம் இரண்டரை மணிக்குச் சிதம்பரம் கோர்ட்டில் எங்கள் கட்சிக்காரி இலக்கியா சாட்சி சொல்ல வேண்டும். நில அளவை சர்வேயர் அவள். புவனகிரியில் ஒரு மனையை அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் கிடங்கிலிருந்து செந்தமிழ்செல்வன் என்கிறவன் கையில் இரும்புக் கம்பியோடு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டாள். உள்ளே வாட்ச்மேன் செத்துக் கிடந்தார். கிடங்கு முழுக்கப் போலி ஸ்பேர் பார்ட்ஸ். பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். அவள் இல்லாவிட்டால் கேஸும் இல்லை.

ரெண்டு மாதமாக மிரட்டல் போன். ரெண்டு தடவை, கண்ணாடியெல்லாம் கறுப்பு ஒட்டின கறுப்பு ஜீப் ஒன்று அவள் பின்னாலேயே வந்தது. அதனால் அக்கா அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். பட்டப்பகலில் பெரிய ரோட்டில் தனியாகவே போ, போனை அணைத்துவிடு, எந்த வண்டியாவது பின்னால் வந்தால் நிற்காதே, மிதித்துக்கொண்டு போய்ச் சேர். நல்ல யோசனைதான். அதுதான் அன்றைக்கு அவளைக் கொல்லப் பார்த்தது.

அவள் ஓட்டுவது நீல நிறத்தில் ஒரு பழைய பீட்டில் கார். முன்னால் சாமான் பெட்டி, பின்னால் என்ஜின், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். போன மாதம்தான் முதுநகர் மெக்கானிக் சந்தியாகு அந்த என்ஜினைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். கடை வேலையை விட்ட பிறகும் கேம் பொறுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குக் கேம் ஷாஃப்ட் பொறுக்கிக் கொடுத்தவன் நான்.

கேம் என்பது மேடு மேடாக இருக்கும் ஒரு தண்டு. அது சுற்றும்போது ஒவ்வொரு மேடும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். மேடு உயர்ந்தால் வால்வு ஜாஸ்தி திறக்கும், என்ஜின் ஜாஸ்தி மூச்சு விடும். அதைக் கேட்டு வருகிறவனுக்கு நான் லேசில் எடுத்துக் கொடுக்கமாட்டேன். எத்தனை சி.சி., கார்புரேட்டர் ஒன்றா ரெண்டா, என்ஜின் மூடியான ஹெட்டை எவ்வளவு சீவியிருக்கிறது, வால்வு ஸ்பிரிங் பழசா புதுசா, எந்த ரோட்டில் ஓடப்போகிறது, எல்லாம் கேட்பேன். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள். இலக்கியா வண்டிக்கு ஒரே கார்புரேட்டர், நன்றாகச் சீவின ஹெட், பழைய ஸ்பிரிங். அதனால் மேடு தாழ்ந்த, சாதுவான கேம் ஒன்றை எடுத்து, டப்பா மேல் மார்க்கரால் அவள் பெயரையும் என்ஜின் விவரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளவரசு கடைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தேன். சந்தியாகு வந்து எடுத்துக்கொண்டார். கடலூரில் எந்த மெக்கானிக்கும் என் கையெழுத்துப் போட்ட டப்பாவை மறுபடி அளந்து பார்ப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு மணிக்கு இளவரசுவே மாடியேறி ஓடி வந்தான். கையில் ஒரு நீள டப்பா. உள்ளே கேம்.

"மச்சான், நீ எடுத்துக் குடுத்தது இது. சந்தியாகு திருப்பிக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கினு போயிருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும். அவரு வாங்கினு போனது மேடு ஜாஸ்தி உள்ளது."

ஹெட்டைச் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடம் குறைவு. அதில் உயர்ந்த மேடு வைத்தால் வால்வு இன்னும் கீழே இறங்கும். மெதுவாகப் போகும்வரை மயிரிழையில் தப்பிக்கும். வேகம் ஏறினால் பழைய ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு இழுத்து மூடாது, மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கும். வால்வு உடையும், என்ஜின் இறுகும், பின்சக்கரம் ரெண்டும் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த வண்டியில் அந்தக் கணக்கு மணிக்கு நூறு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஓடுகிற காரின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஆன வண்டிகளை அவர் இருபது வருஷம் படம் எடுத்தவர்.

இலக்கியா எங்கே என்றேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு இப்போதுதான் கடை வாசலைத் தாண்டிப் போனாள் என்றான் இளவரசு. அவள் போன் அணைந்திருந்தது, எங்கள் யோசனைப்படி. சந்தியாகு மகள் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. அக்கா போலீசுக்குச் சொன்னார். சிதம்பரம் பக்கமிருந்து வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். கீழே எங்கள் ஸ்கூட்டரின் டயரில் மூன்று அங்குல ஆணி ஏறிக் கிடந்தது.

"கஸ்டமர் வண்டி ஒண்ணு நிக்குது மச்சான், எடுத்துனு போ" என்று சாவியைத் திணித்தான் இளவரசு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நண்பன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் ஓட்ட, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார, முதுநகரைத் தாண்டி ரசாயனத் தொழிற்சாலை வாடையெல்லாம் தாண்டிப் பறந்தோம். நான் சாதாரணமாக நாற்பதுக்கு மேல் ஓட்டாதவன். ஆஞ்சநேயரிலிருந்து வேளாங்கண்ணி மாதா வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் கூப்பிட்டேன். வேண்டுதலில் முதல் பாதி இலக்கியாவுக்கு, மறு பாதி எனக்கு.

ஆலப்பாக்கம் தாண்டி நீலப் புள்ளி தெரிந்தது.

விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கிட்டே போகும்போது அவள் கண்ணாடியைப் பார்ப்பது தெரிந்தது. அப்புறம் நீலக் கார் சட்டென்று முன்னால் பாய்ந்தது. எண்பதில் போனேன், தள்ளிப் போனாள். தொண்ணூறில் போனேன், அதே தூரம். எவ்வளவு மிதித்தாலும் நடுவில் நான்கு மின்கம்பம் அளவு இடைவெளி அப்படியே இருந்தது. அவளைக் காப்பாற்றத்தானே வருகிறோம், இந்தப் பெண் ஏன் இப்படி ஓடுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவு, இதுல உன் கையெழுத்து எங்க?"

திரும்பிப் பார்த்தேன். வெறும் டப்பா. புத்தம் புதுசு. அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை.

"உள்ள மெழுகுத்தாளக்கூட யாரும் பிரிக்கல. நட்டு வாங்கினாலே மூக்குக்கிட்ட வெச்சுப் பாக்கற ஆளு சந்தியாகு. கேமை பிரிக்காமயா திருப்பிக் குடுப்பாரு? இது கடையை வுட்டே வெளிய போகல."

எனக்குப் புரிய ரெண்டு மூச்சு பிடித்தது. சந்தியாகு எதையும் திருப்பவில்லை. என் கையெழுத்துப் போட்ட டப்பாவைத்தான் நம்பி எடுத்துப்போனார். அந்த டப்பாவுக்குள் வேறு கேமை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் கவுண்டரில் வைத்ததற்கும் அவர் எடுத்ததற்கும் நடுவில் அந்தக் கடையில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"இளவரசுவா?" என்றேன். "அப்ப நம்மகிட்ட எதுக்கு வந்து சொல்லணும்?"

"இந்த வண்டி என்ன கலர்?"

கறுப்பு. கண்ணாடியெல்லாம் கறுப்பு. நான் ஏறும்போது அது ஒரு ஜீப் என்பதைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"கேமை மாத்தினா பாதி வேலைதான் முடிஞ்சுது" என்றார் அக்கா. "அவ அறுபதுல போனா ஒண்ணும் ஆவாது. அவள வெரட்டணும். வெரட்டறதுக்கு ஆள் வேணும். அந்த ஆளு நாமதான். மீட்டரப் பாரு."

பார்த்தேன். தொண்ணூற்றாறு. இடைவெளி மாறவில்லை. என் மீட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் அவள் மீட்டரிலும் இருக்கிறது. அவளை நூற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருப்பது என் வலது கால்.

"கால எடு."

"எடுத்தா போயிடுவாக்கா."

"எடுடா."

எடுத்தேன். அந்த மாதிரி பயத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை. துரத்துவதைவிட விடுவது பயங்கரமாக இருந்தது. வண்டியைப் புதுச்சத்திரம் பக்கத்தில் ஓரம்கட்டி, விளக்கையெல்லாம் அணைத்து, நாலு கதவையும் திறந்துவைத்தோம். நாங்கள் நின்றுவிட்டோம் என்று அவள் கண்ணாடியில் தெரியட்டும் என்று. நீலக் கார் சின்னதாகிக்கொண்டே போனது. டமார் என்று ஒரு சத்தம் வரும், இப்போது வரும், இப்போது வரும் என்று காதைக் கொடுத்து நின்றேன். வரவில்லை. வளைவில் மறையும்போது வேகம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு அது ஆசையா, நிஜமா என்று தெரியவில்லை.

போலி ஸ்பேர் கிடங்கில் இருந்த சரக்கு எந்தக் கடைக்குப் போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை பார் என்றார் அக்கா. செந்தமிழ்செல்வன் உள்ளே போனால் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுவான். கூட்டாளி யாரென்று இப்போது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்தது. பதினோரு வருஷம் நான் அவன் கடையில் டீ குடித்திருக்கிறேன்.

ஆனால் இலக்கியா இன்னும் அந்த வண்டியில்தான் இருந்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தாலும் பயந்து மிதித்துவிடுவாள். அவளை எட்டிப் பிடிக்க வேண்டும், பயமுறுத்தாமல் பிடிக்க வேண்டும். இந்த ரோட்டில் பின்னால் அலறிக்கொண்டு வந்தாலும் ஒருத்தரும் சந்தேகப்படாத வண்டி எது?

அது எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கடலூர்–சிதம்பரம் பிரைவேட் பஸ், ஏழு ராகத்தில் ஹாரன் அடித்தபடி. அக்கா நடுரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார்.

ஏறினதும் டிரைவரிடம் உண்மையைச் சொன்னால் பாதி வழி விளக்கத்துக்கே போய்விடும். அக்காவுக்குப் பொய் என்றால் தயக்கமே கிடையாது. முன்னால் போகிற நீலக் காரில் இருப்பது இந்தத் தம்பியின் சம்சாரம், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள், எப்படியாவது பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். கல்யாணமே ஆகாத என்னை முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. குடித்தாயா, அடித்தாயா என்று விசாரணை தொடங்கியது. சேத்தியாத்தோப்பு சந்தைக்கு விதைமூட்டையோடு போகிற ஒரு அம்மா, பொண்டாட்டியை அழவைக்கிறவன் உருப்படவே மாட்டான் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன். டிரைவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, மிதித்தார்.

முட்லூர் வருவதற்கு முன் நீலக் கார் தெரிந்தது. அறுபது அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தாள். பஸ் வலது பக்கம் ஏறியது. முன்வாசல் படிக்கட்டு நேராக அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும். அங்கே தொங்க வேண்டியவன் நான். அக்கா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். கீழே தார் ரோடு ஓடுகிற வேகத்தைப் பார்த்ததும் ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் அவளுக்கு என் முகம் தெரிய வேண்டும்.

"இலக்கியா, நான்தான், அறிவு. மிதிக்காத. வண்டியில தப்பான கேம் இருக்கு. மெதுவா ஓரம் கட்டு."

முதலில் அவள் முகத்தில் திகில்தான் தெரிந்தது. அப்புறம் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் காலை எடுத்தது என்ஜின் சத்தத்திலேயே எனக்குக் கேட்டது. கார் பின்தங்கியது, மண்ணில் இறங்கி நின்றது. பஸ்ஸில் கைதட்டினார்கள். சேர்ந்து வாழுங்கடா என்று கண்டக்டர் ஆசீர்வாதம் பண்ணி எங்களை இறக்கிவிட்டார்.

அவளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டப்பாவில் இருந்தது என் கையெழுத்து. அதை நம்பித்தான் சந்தியாகு மாட்டினார், அவரை நம்பித்தான் இவள் ஓட்டினாள். வாயில் வந்தபடி உளறி மன்னிப்புக் கேட்டேன். அவள் என் பக்கம் பார்க்காமல், கறுப்பு வண்டியில் வந்தது நீங்களா என்று அக்காவிடம் கேட்டாள். ஆமாம் என்றார் அக்கா. இன்னும் ரெண்டு நிமிஷம் நீங்கள் விடாமல் வந்திருந்தால் நான் அழுத்தியிருப்பேன் என்றாள். சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அப்போது என் போன் அடித்தது. இளவரசு.

எடுக்காதே என்று என் கை சொன்னது. எடு என்றது அக்காவின் கண். தன் போனில் பதிவு பட்டனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்ட என் போன் பக்கத்தில் நீட்டினார். உதட்டை அசைத்து ஒரே வார்த்தை சொன்னார்: செத்துட்டா.

என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அழுவதற்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை, ஏற்கனவே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

"புடிச்சீங்களா மச்சான்?"

"போச்சுடா. உருண்டுடுச்சு. போயிட்டா."

அவன் எந்த இடம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ரொம்பப் பாசமாகப் பேசினான்.

"நீ அழாத. சந்தியாகு பட்டறையில கெடக்கற டப்பாவுல உன் கையெழுத்து இருக்குதுன்னு நான் போலீஸ்ல சொல்லமாட்டேன். நான் இருக்கேன் மச்சான் உனக்கு."

போனை வைத்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே ஆள்தான், என் கேமை சந்தியாகு திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னான். அப்படியானால் என் கையெழுத்து டப்பா கடையில் அல்லவா இருக்க வேண்டும்? அது பட்டறையில் கிடக்கிறது என்று அவன் வாயே சொல்லிவிட்டது. அவளைக் கொன்று, அந்தப் பழியை என் தலையில் கட்டி, அதற்கு நான் அவனிடம் ஆயுசு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு திரிவதற்கும் ஏற்பாடு செய்திருந்தான். கறுப்பு வண்டியைவிட, படிக்கட்டைவிட, அந்தப் பாசமான குரல்தான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது.

"அவுங்க நிம்மதியா இருக்கட்டும்" என்றார் அக்கா. "கோர்ட்டு வாசல்ல ஆள் போடமாட்டாங்க."

இலக்கியா வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தாள். மணி ஒன்று ஐம்பது. நாற்பதில் போனால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாதே என்று என்னைக் கேட்டாள். ஆகாது என்றேன். அப்ப ஏறுங்கண்ணா என்றாள். அந்த வண்டியிலா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பின்சீட்டில், என்ஜினுக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் சைக்கிள்காரர் ஒருத்தர் எங்களை ஓவர்டேக் பண்ணப் பார்த்தார்.

சிதம்பரம் கோர்ட்டுக்குப் பின்பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் அவளை உட்கார வைத்தோம். அரசு வக்கீலுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அக்கா பதிவைப் போட்டுக் காட்டினார். நான் மட்டும் கோர்ட் வராந்தாவில் தூணோரமாக நின்றேன். ஜாமீனில் வந்திருந்த செந்தமிழ்செல்வன் வெள்ளைச் சட்டையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேதி வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. தன் வக்கீலிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு உள்ளே போய்க் கூண்டில் நின்றான்.

இரண்டரைக்கு டவாலி வாசலுக்கு வந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். ஒருத்தரும் வரவில்லை. ரெண்டாவது தடவை கூப்பிட்டார். செந்தமிழ்செல்வன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டான். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். இவள் கடைசி நேரத்தில் பயந்துவிட்டாளோ என்று வராந்தாக் கோடிவரைக்கும் எட்டிப் பார்த்தேன். பயந்திருந்தால் அவளைக் குறை சொல்ல நான் யார்?

மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

"இருக்கேன் சார்" என்று இலக்கியா என்னைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

நான் கூண்டைப் பார்த்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.